வேருக்குள் ஒளிந்திருக்கும் எதிரி... பீச் மரங்களைக் காக்கக் கைகோத்த பல்கலைக்கழகங்கள்!

கோடை விடுமுறைக்கு ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். சாலையோரத்தில் பிளம்ஸ் கூடைக்குப் பக்கத்திலேயே, மேலே மெல்லிய பூனை முடியோடு, ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் சிவப்புமாக ஒரு பழம் இருக்கும். அதுதான் பீச். நமக்கு அது மலைக்குப் போனால் வாங்கும் பழம். வாங்கினால் உண்டு, இல்லையென்றாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால், அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் பீச் வெறும் பழமல்ல. அது ஊரின் அடையாளம். அட்லாண்டாவில் உங்கள் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் முகவரி கேட்டுப் பாருங்கள். 'பீச்ட்ரீ ஸ்ட்ரீட்', 'பீச்ட்ரீ ரோடு' என்று ஏதாவது ஒன்று வந்து நிற்கும். அந்த ஊரில் 'பீச்ட்ரீ' என்ற பெயரோடு டஜன் கணக்கில் தெருக்கள் இருக்கின்றன. ஜார்ஜியா மாநிலத்தின் செல்லப்பெயரே 'பீச் மாநிலம்'. வேடிக்கை என்னவென்றால், பக்கத்து மாநிலமான தென் கரோலினா ஜார்ஜியாவைவிட அதிக பீச் விளைவிக்கிறது. அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்வதற்காகவோ என்னவோ, அங்கே காஃப்னி என்ற ஊரில் 1981-ல் பீச் பழ வடிவத்திலேயே ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். 135 அடி உயரம். உள்ளே சுமார் 38 லட்சம் லிட்டர் தண்ணீர். நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இப்படி இரண்டு மாநிலங்களும் 'நீயா நானா' என்று நின்றாலும், ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுடைய பல்கலைக்கழகங்கள் பல ஆண்டுகளாகச் சேர்ந்தே வேலை செய்கின்றன. காரணம், இரண்டு பக்கமும் மரங்கள் செத்துக்கொண்டிருந்தன.

பூத்த மரம், இலை விடவில்லை

பீச் மரம் நட்டு மூன்றாவது ஆண்டில்தான் சொல்லிக்கொள்ளும்படி காய்க்கத் தொடங்கும். நான்கு, ஐந்து ஆண்டுகள் ஆன பிறகுதான் போட்ட பணம் திரும்பி வரும். அதன்பின் பத்து ஆண்டுகளுக்கு மேல் நல்ல மகசூல் கொடுத்தால்தான் விவசாயிக்குக் கட்டுப்படியாகும்.

ஆனால், சென்ற நூற்றாண்டின் பின்பாதியில் தென்கிழக்கு மாநிலத் தோட்டங்களில் வேறொன்று நடந்தது. மூன்றிலிருந்து ஏழு வயது வரையுள்ள மரங்கள், நல்ல திடகாத்திரமான மரங்கள், வசந்தம் வந்ததும் வழக்கம்போல் மொட்டு விடும், பூக்கும். அடுத்து இலை துளிர்க்க வேண்டிய நேரத்தில் அப்படியே பட்டுப்போகும். வேர் உயிரோடு இருக்கும். மண்ணுக்கு மேலே மரம் செத்திருக்கும். காய்ப்பு சூடு பிடிக்கிற வயதில் மரம் சாவது, வளர்ந்த பிள்ளை வேலைக்குப் போகிற நேரத்தில் படுத்துக்கொள்வதைப் போலத்தான். இதற்கு 'பீச் மரக் குறையாயுள் நோய்' என்றே பெயர் வைத்தார்கள்.

ஒரே ஒரு கிருமியைப் பிடித்து 'இதுதான் குற்றவாளி' என்று சொல்ல முடியவில்லை. மண்ணில் வாழும் ஒருவகை நூற்புழு வேரை உறிஞ்சி மரத்தைப் பலவீனப்படுத்துகிறது. பலவீனமான மரம் குளிர்காலத்தில் திடீரென ஏறி இறங்கும் வெப்பநிலையைத் தாங்குவதில்லை. பட்டைக்குள் குளிர் காயம் ஏற்படுகிறது. அந்தக் காயத்தில் ஒரு பாக்டீரியா புகுந்து வேலையை முடித்துவிடுகிறது. நூற்புழு ஒருவருடைய துறை, பாக்டீரியா இன்னொருவருடைய துறை, மரத்தின் குளிர் தாங்கும் திறன் மூன்றாமவருடைய துறை. தனித்தனியாக உட்கார்ந்து பார்த்திருந்தால் மூன்று பேரும் ஆளுக்கொரு விடை சொல்லியிருப்பார்கள்.

சேர்ந்து பார்த்ததில் முதலில் கிடைத்தது செலவில்லாத ஒரு வழி. இலையுதிர்காலத்திலேயே கவாத்து செய்துவிட்டால் மரம் சாகும் வாய்ப்பு கூடுகிறது. அதையே குளிர்காலத்தின் பிற்பகுதிக்குத் தள்ளிப்போட்டால் குறைகிறது. கத்தரிக்கோலைக் கொஞ்ச நாள் கழித்து எடுத்தால் போதும். ஆட்கள் கிடைக்கும்போதே வேலையை முடித்துவிட நினைக்கும் விவசாயிக்கு அது கஷ்டமான ஆலோசனைதான். ஆனாலும் மரம் பிழைத்தது.

கீழே ஒருவர், மேலே ஒருவர்

நிரந்தரத் தீர்வு வேரில் இருந்தது. ஒட்டு மாங்கன்று வாங்கியவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். கீழே வேர்ச்செடி ஒன்று. மேலே நமக்குப் பிடித்த ரகத்தின் கிளை ஒன்று. பீச்சும் அப்படித்தான். பழத்தின் ருசியை மேலே இருப்பது முடிவு செய்யும். மண்ணோடு நடக்கும் சண்டையைக் கீழே இருப்பது பார்த்துக்கொள்ளும்.

ஜார்ஜியாவில் பைரன் என்ற ஊரில் அமெரிக்க வேளாண் துறையின் பழமர ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது அமைந்திருக்கும் மாவட்டத்தின் பெயரே 'பீச் கவுண்டி'! அந்த நிலையமும் தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு வேர்ச்செடியைத் தேடின. எங்கே மரங்கள் அதிகமாகச் செத்தனவோ, அப்படிப்பட்ட நிலங்களிலேயே பலவகை வேர்ச்செடிகளை நட்டுப் பார்த்தார்கள். செத்தவை செத்தன. நின்றதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்படி நின்றது 1993-ல் 'கார்டியன்' என்ற பெயரில் வெளியிடப்பட்டது. காவலன் என்று அர்த்தம். தென்கிழக்கு மாநிலங்களில் பீச் நடுகிறவர்களின் முதல் தேர்வாகவே அது மாறியது. ஐந்து வயதில் செத்த மரங்கள் இப்போது நின்று காய்த்தன.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காவலனைத் தாண்டி வந்தவன்

மரங்கள் நீண்ட நாள் வாழத் தொடங்கியதும் இன்னொரு எதிரி பெரிதாகத் தெரிந்தான். அவன் புதியவன் இல்லை. முன்பே அங்கே இருந்தவன்தான். குறையாயுள் நோய்க்குத் தப்பிய மரங்கள் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று அந்தப் பகுதியில் பீச் மரங்கள் அகால மரணமடைய முதன்மைக் காரணம் அவன்தான்.

அவன் ஒரு பூஞ்சணம். 'ஆர்மில்லாரியா வேரழுகல்' என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வார்கள். விவசாயிகள் 'ஓக் வேரழுகல்' என்பார்கள். ஓக் மரக் காடுகளின் வேர்களில் காலங்காலமாக வாழ்ந்துவருவது. காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள். மரத்தை வெட்டலாம், அடிமரத்தைப் பெயர்க்கலாம். ஆழத்தில் உடைந்து கிடக்கும் வேர்த்துண்டுகளை யார் பொறுக்குவது? அந்தத் துண்டுகளில் பூஞ்சணம் பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். புதிய பீச் மரத்தின் வேர் வளர்ந்துபோய் அதைத் தொட்டால் போதும், தொற்றிக்கொள்ளும். அந்த மரத்தின் வேர் பக்கத்து மரத்தின் வேரைத் தொடும். இப்படியே தோட்டத்துக்குள் வட்டமாகப் பரவும். செத்த மரத்தைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் புதுக்கன்று வைத்தால், அதற்கும் அதே கதிதான்.

நம் ஊர் தென்னந்தோப்புக்காரர்களுக்கு இதைப் படிக்கும்போதே ஒன்று ஞாபகம் வரும். தஞ்சாவூர் வாடல் நோய்! அதற்குக் காரணமான 'கேனோடெர்மா'வும் மண்ணிலிருந்து வேர் வழியாகத் தாக்கும் பூஞ்சணம்தான். கிருமி வேறு, மரம் வேறு. தோப்பின் நடுவில் வட்டமாகச் சொட்டை விழுவதைப் பார்க்கிறவரின் வயிற்றெரிச்சல் மட்டும் ஒன்றுதான்.

இந்தக் குடும்பத்துப் பூஞ்சணங்கள் எவ்வளவு விடாப்பிடியானவை என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் காட்டில் இதன் உறவுக்கார இனம் ஒன்று மண்ணுக்கடியில் 9 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரவிக் கிடக்கிறது. அத்தனையும் ஒரே உயிர். உலகின் மிகப்பெரிய உயிரினங்களில் ஒன்று என்கிறார்கள்.

இதற்கு மருந்து? தொற்றிய மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. முன்பு மண்ணுக்குள் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகையைச் செலுத்திப் பார்த்தார்கள். ஆழத்தில் கிடக்கும் வேர்த்துண்டுக்குள் ஒளிந்திருப்பதை அது முழுவதும் அழித்துவிடவில்லை. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்பதால், மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி அந்த ரசாயனத்தையே படிப்படியாகக் கைவிட வேண்டியதாகிவிட்டது.

மண்ணைத் தள்ளினால் மரம் பிழைக்கும்!

இந்த இடத்தில்தான் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் தாவர நோயியல் பேராசிரியர் கைடோ ஷ்னாபெல் வருகிறார். அவருடைய குழு யோசித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 'கிருமியை எப்படிக் கொல்வது?' என்று அவர்கள் கேட்கவில்லை. 'இது மரத்தை எந்த இடத்தில் கொல்கிறது?' என்று கேட்டார்கள்.

வேர்களில் ஒன்றிரண்டு அழுகினால் மரம் செத்துவிடாது. பூஞ்சணம் வேர் வழியாக ஏறி, வேரும் தண்டும் சேரும் கழுத்துப் பகுதிக்கு வந்து, பட்டைக்கு அடியில் சுற்றிலும் படர்ந்துவிடுகிறது. கழுத்தில் கயிறு இறுக்கியதுபோல் ஆகிவிடும். உணவும் தண்ணீரும் போகும் வழி அடைபட்டு மரம் சாகிறது. ஆக, கொலை நடக்கும் இடம் கழுத்து. அந்தக் கழுத்து மண்ணுக்குள் புதைந்திருக்கும்வரை பூஞ்சணத்துக்கு இருட்டும் ஈரமும் கிடைக்கும். வெளியே எடுத்து வெயிலும் காற்றும் பட வைத்தால்?

அதைத்தான் செய்தார்கள். மேட்டுப்பாத்தி அமைத்து, கன்றை அதில் மேலாக நடுவது. இரண்டு ஆண்டுகள் வேர் பிடித்ததும், அடிமரத்தைச் சுற்றியுள்ள மண்ணை விலக்கி, கழுத்தையும் மேல் வேர்களின் தொடக்கத்தையும் வெளியே தெரியும்படி விட்டுவிடுவது. திராட்சைத் தோட்டங்களில் முன்பே சோதிக்கப்பட்ட யோசனைதான். அதைப் பீச்சுக்கு ஏற்றமாதிரி மாற்றினார்கள். அப்படிச் செய்த தோட்டத்தைப் பார்த்தால், தண்ணீரில் இறங்குவதற்காகச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையாக நிற்கிற பெண்களைப்போல மரங்கள் நிற்கும்.

பூஞ்சணம் மண்ணுக்கடியில் வேரில் இருந்துகொண்டுதான் இருக்கும். ஆனால், கழுத்துக்கு ஏறி வளையம் போட முடியாமல் தடுமாறும். மரம் குணமாவதில்லை, நோயோடு கூடுதல் ஆண்டுகள் வாழ்கிறது, காய்க்கிறது. நீரிழிவோடு நன்றாக நடமாடும் பெரியவர்கள் நம் வீட்டில் இல்லையா? அப்படித்தான். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான மரங்களின் அடியில் மண்ணைத் தள்ளுவது லேசான வேலை இல்லை. கூலிக்கு ஆள் கிடைக்காத காலத்தில் எல்லோரும் உடனே செய்துவிடவில்லை.

இன்னொரு பக்கம் பைரன் நிலையத்தின் டாம் பெக்மன், ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தினரோடு சேர்ந்து வேறு வழியில் போனார். பிளம்ஸ் மரத்தையும் பீச்சையும் கலந்து உருவாக்கிய 'எம்.பி-29' என்ற வேர்ச்செடி 2012-ல் ஆய்விதழில் அறிமுகமானது. இந்தப் பூஞ்சணத்தை எதிர்க்கிறது. பழைய குறையாயுள் நோயையும் தாங்குகிறது. மரம் அவ்வளவு உயரமாகவும் போவதில்லை, எனவே பறிப்பது எளிது. ஒரே சிக்கல், கார்டியனைப்போல் கொட்டையைப் போட்டு முளைக்க வைக்க முடியாது. பிளம்ஸ் கலந்திருப்பதால் தாய்ச்செடியிலிருந்தே நகலெடுத்து வளர்க்க வேண்டும். அதனால் கன்றின் விலை அதிகம். நிலத்தில் நோய் இருப்பது உறுதியாகத் தெரிந்தவர்கள் அந்த விலையைக் கொடுக்கலாம். தெரியாதவர்கள்? நட்டுப் பார்த்து மரம் செத்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது என்பதுதான் இதில் வேதனை.

வடக்கே மிச்சிகன் மாநிலத்தில் செர்ரி மரங்களையும் இதே வகைப் பூஞ்சணங்கள் தாக்குகின்றன. செர்ரியும் பீச்சும் ஒரே குடும்பம். எனவே மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகமும் கிளெம்சனும் இதில் சேர்ந்து ஆராய்கின்றன.

லிப் பாம் குழாயில் ஓர் ஆய்வகம்

பழத்துக்கு வரும் நோய்களும் இருக்கின்றன. மழைக்காலத்தில் பழுப்பு அழுகல் பிடித்தால், இரண்டே நாளில் பழம் மேல் சாம்பல் நிறப் பொடி பூத்துவிடும். மருந்து தெளிக்கலாம். ஆனால் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். நாம் ஆன்டிபயாடிக் மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்கினால் நடப்பதுதான் இங்கேயும்.

எந்தத் தோட்டத்தில் எந்த மருந்துக்குக் கிருமி பழகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஷ்னாபெல் குழுவும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஃபில் பிரானனும் சேர்ந்து ஒரு சுலபமான வழியைச் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். உதட்டுக்குப் பூசும் லிப் பாம் குழாய் தெரியும்தானே? திருகினால் மேலே வருமே, அதேதான். அதற்குள் கிருமி வளர்க்கும் கூழை நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் ஒவ்வொரு மருந்தைக் கலந்துவிட்டார்கள். தேவைப்படும்போது திருகி, ஒரு வில்லை வெட்டி, அழுகிய பழத்திலிருந்து எடுத்த கிருமியை அதில் வைக்க வேண்டும். சில நாளில் வளர்ந்தால் அந்த மருந்து இனி இந்தத் தோட்டத்துக்கு வீண். வளரவில்லை என்றால் தெளிக்கலாம். பெரிய கருவிகள் எதுவும் வேண்டாம். வீணான மருந்தைத் தெளிக்காமல் விட்டாலே செலவு மிச்சம், மண்ணுக்கும் நல்லது, பழம் தின்னும் நமக்கும் நல்லது.

இந்தக் கூட்டாளிகள் உருவாக்கிய 'மைஐபிஎம்' என்ற இலவச செயலி, எந்த நோய்க்கு எந்த மருந்து, எதை எதோடு மாற்றி மாற்றித் தெளிக்க வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடும். தென்கிழக்கு மாநிலப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பீச் பராமரிப்புக்கு ஒரு கையேடும் வெளியிடுகின்றன. எல்லைக்கு இந்தப் பக்கம் ஓர் ஆலோசனை, அந்தப் பக்கம் வேறோர் ஆலோசனை என்று விவசாயி குழம்ப வேண்டியதில்லை.

பூச்சிகளுக்கு வேறொரு யோசனை: பழத்துக்குச் சட்டை போடுவது. காய் சிறிதாக இருக்கும்போதே காகிதப் பையால் மூடிக் கட்டிவிட்டால் கூன்வண்டு முட்டையிட முடியாது. சீனாவிலும் ஜப்பானிலும் இது பழைய வழக்கம். கிளெம்சனின் பேராசிரியர் ஹுவான் கார்லோஸ் மெல்கார், ரசாயனம் இல்லாமல் பீச் விளைவிக்க நினைப்பவர்களுக்காக இதை அந்த ஊர்ச் சூழலில் சோதித்தார். கொல்லையில் நான்கு மரம் வைத்திருப்பவர்களுக்கு அருமையான வழி. நூறு ஏக்கர்காரருக்கு? ஒவ்வொரு காய்க்கும் கையால் பை மாட்ட ஆளுக்கு எங்கே போவது?

குளிர் போதவில்லை!

வேரைக் காப்பாற்றியாயிற்று, பழத்தையும் காப்பாற்றியாயிற்று. வானத்தை என்ன செய்வது?

பீச் மரத்துக்குக் குளிர்காலத் தூக்கம் கட்டாயம். ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இத்தனை மணி நேரம் இருந்தால்தான் அது சரியாக விழித்துப் பூக்கும். ஜார்ஜியாவில் வளரும் பல ரகங்களுக்கு 650 மணி நேரத்துக்கும் மேல் தேவை. 2017-ல் குளிர்காலம் சூடாக இருந்தது. போதிய தூக்கம் இல்லை. போதாக்குறைக்கு மார்ச்சில் திடீர் உறைபனி. பயிரின் பெரும்பகுதி போயிற்று. 2023-ல் இன்னும் மோசம். ஜார்ஜியாவின் பீச் விளைச்சலில் 90 சதவிகிதத்துக்கும் மேல் அழிந்தது. 'பீச் மாநில'த்தில் அந்தக் கோடையில் உள்ளூர்ப் பீச் கிடைப்பது குதிரைக்கொம்பு ஆனது.

குறைந்த குளிரிலேயே பூக்கும் ரகங்களை ஃபுளோரிடா பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக உருவாக்கிவருகிறது. அதன் 'ஃபுளோர்டா பிரின்ஸ்' ரகத்துக்கு 150 மணி நேரக் குளிர் போதும். நம் பஞ்சாப் சமவெளியில் விவசாயிகள் பீச் பயிரிட முடிகிறது என்றால், அதற்கு இந்த ரகமும் ஒரு காரணம். ஆனால், அதையே ஜார்ஜியாவில் நட்டுவிட முடியாது. சீக்கிரம் விழித்துப் பூத்துவிட்டு, மார்ச் மாத உறைபனியில் மாட்டிக்கொள்ளும். குளிர் குறைவாகக் கேட்க வேண்டும். ஆனால் அவசரப்பட்டுப் பூக்கவும் கூடாது. இந்த இரண்டையும் ஒரே மரத்தில் கொண்டுவருவதுதான் இப்போது பலர் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் கணக்கு. 2013-ல் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து பீச்சின் மரபணு வரைபடத்தை வெளியிட்டதால், கன்று பழம் தரும்வரை காத்திருக்காமல் இலையைச் சோதித்தே சில குணங்களை அறிய வழி பிறந்திருக்கிறது. ஆனாலும் ஒரு ரகத்தை உருவாக்கி, பரிசோதித்து, விவசாயி கையில் கொடுக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிடும். இன்று ஒட்டுக்கட்டுகிறவர், 2040-ன் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று ஊகித்துத்தான் கட்ட வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை மலைக்குப் போய் பீச் வாங்கும்போது ஒரு சின்ன யோசனை. சிவப்பாக இருப்பதைப் பார்த்து எடுக்காதீர்கள். சிவப்பு, வெயில் பட்டதற்கும் ரகத்துக்கும் உள்ள நிறம். பழுத்ததற்கு அத்தாட்சி இல்லை. சிவப்பு இல்லாத பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே பச்சை மறைந்து மஞ்சளோ வெண்மஞ்சளோ வந்திருக்க வேண்டும். காம்புப் பக்கம் முகர்ந்தால் வாசனை அடிக்க வேண்டும். கொஞ்சம் கல்லாக இருந்தால் கவலை வேண்டாம், வெளியிலேயே இரண்டு நாள் வைத்தால் மெத்தென்று ஆகிவிடும். கொட்டையை உடைத்து உள்ளே இருக்கும் பருப்பைக் குழந்தைகள் தின்னாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாதுமைபோல இருக்கும்; ஆனால் வயிற்றுக்குள் போனால் சயனைடு நச்சாக மாறும் பொருள் அதில் இருக்கிறது.